ஏழே முக்கால் மணி நேர விடுப்பு

வெர்டெல் ப்ரூயிட்டின் தாடை உடைந்தது 1986ஆம் ஆண்டு பிப்ரவரி பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை. உடைத்தவன் அவள் கணவன், ராணுவத்தில் கார்ப்பரலாக இருந்த ட்வைட் ப்ரூயிட். கையில் கிடைத்தது சோள ரொட்டி சுடும் இரும்பு வாணலி. ரொட்டி அடிப்பிடித்திருந்தது என்பது அவன் சொன்ன காரணம். எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்ததால் மருத்துவர் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி அனுப்பினார். ஆறு வாரம் உறிஞ்சுகுழலில்தான் சாப்பாடு.

அப்போது அவள் நெடுஞ்சாலை ஓரத்து உணவகம் ஒன்றில் பரிமாறிக்கொண்டிருந்தாள். நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் கம்பி கட்டிய வாயோடு போய் நின்றாள். முதலாளி அவள் வேலைக்குப் போடும் மேலங்கியை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்.

“லீவுன்னு ஒண்ணு இங்க கிடையாது கண்ணு. வர்றவங்களுக்குத்தான் வேலை. உன்னால இப்ப பேசவும் முடியாது, ஆர்டர் எப்படி எடுப்ப?” என்றார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

ஜார்ஜியாவில் இருந்தவரை வெர்டெல் முடி திருத்தும் பெண். அந்த மாநிலத்து உரிமத்தின் எண் அவளுக்குக் கடைசிவரை மனப்பாடம். கணவனுக்கு டெக்சஸில் பணி மாறியதும் அந்தக் காகிதம் வெற்றுக் காகிதமாகிவிட்டது. இங்கே கத்திரி பிடிக்க வேண்டுமென்றால் ஆயிரத்து ஐநூறு மணி நேரம் மறுபடியும் பள்ளியில் உட்கார வேண்டும் என்றார்கள். கையில் தொழில் இருந்தும் தொழில் செய்ய வழியில்லை, அதனால் அவனை விட்டுப் போகவும் வழியில்லை. அதே 1986 நவம்பரில் ட்வைட் அவள் இடது கையைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் வைத்து, பச்சைக் குச்சியை ஒடிப்பதுபோல் ஒடித்தான். அதற்குப் பிறகு அந்த மணிக்கட்டு திரும்பவே இல்லை. சில்லறையை உள்ளங்கையில் வாங்க வேண்டுமென்றால் அவள் தோளையே திருப்ப வேண்டும்.

அடுத்த கோடையில் ட்வைட்டை ஜெர்மனிக்கு மாற்றினார்கள். கிளம்பும் நாளன்று வெர்டெல் துணி வெளுக்கும் கடையின் பின்னறையில் ஒன்பது மணி நேரம் ஒளிந்துகொண்டாள். அவன் தேடினான், விமானத்துக்கு நேரமானதும் போய்விட்டான். 1987 செப்டம்பர் முதல் தேதி அவள் பெல்நாப் ஊரில் மாநில உரிமத் துறையின் கிளை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தாள். முதல் நாள் கொடுத்த ஊழியர் கையேட்டில் அவள் முதலில் படித்தது சம்பளப் பக்கம் அல்ல, விடுப்புப் பக்கம். மாதத்துக்கு எட்டு மணி நேரம் நோய் விடுப்பு. எடுக்காவிட்டால் சேர்ந்துகொண்டே போகும். வரம்புக்கு மேற்பட்ட ஆண்டு விடுப்பும் ஆகஸ்ட் கடைசியில் நோய் விடுப்போடு சேர்ந்துவிடும். அந்தப் பக்கத்தை அவள் இரண்டு முறை படித்தாள்.

முப்பத்தொரு வருடத்தில் அவள் கணக்கில் மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டரை மணி நேரம் சேர்ந்திருந்தது. காய்ச்சலோடும் வந்தாள், பல் பிடுங்கிய மறுநாளும் வந்தாள். அந்தக் கையிருப்பு இருக்கும்வரை எவன் அடித்துப் படுக்க வைத்தாலும் தன் மேலங்கியை இன்னொருத்திக்குக் கொடுக்க முடியாது என்பது அவள் எண்ணம். அடிக்க வீட்டில் யாரும் இல்லாமல் போய் முப்பது வருடம் ஆகியும் அந்த எண்ணம் போகவில்லை.

2018ஆம் ஆண்டில் அந்த அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். உரிமப் பரிசீலகர் வெர்டெல். மேலாளர் ஹோலிஸ் டேம்ரன், நாற்பத்திரண்டு வயது. வாசலில் காவலர் ஓரின் டீக், எழுபத்தொரு வயது, ஷெரிப் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். இன்னொரு பரிசீலகர் பிரசவ விடுப்பில் போயிருந்தார்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பதினேழாம் எண் சீட்டோடு ஒரு பெண் கவுண்டருக்கு வந்தாள். பெயர் டானிகா ரெய்க்கர்ட், வயது இருபத்தொன்பது. உள்ளே வந்தும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஒஹாயோ மாநிலத்து முடி திருத்தும் உரிமம், திருமணச் சான்று, நிரப்பிய படிவம் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்பு சரிபார்த்து அடுக்கி வைத்தாள். இதற்குள் சட்டம் மாறியிருந்தது. பணியில் இருக்கும் சிப்பாயின் மனைவியோ கணவனோ வேறு மாநிலத்து உரிமத்தோடு வந்தால், மறுபடி பள்ளிக்குப் போக வேண்டியதில்லை. முப்பது நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த விதி முதன்முதலாக அச்சாகி வந்த அன்று வெர்டெல் அதை வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“உங்க வீட்டுக்காரரோட போஸ்டிங் ஆர்டர் நகல் இல்லையேம்மா” என்றாள் வெர்டெல்.

“அது துப்பாக்கிப் பெட்டிக்குள்ள இருக்கு மேடம். சாவி அவர் கழுத்துச் சங்கிலியில.”

“அவர்கிட்டக் கேட்டு வாங்குங்களேன்.”

“கேட்டேன்” என்று டானிகா கண்ணாடியைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள். இடது கண் மூடியிருந்தது. இமை பழுத்த பிளம் நிறம். “இதுதான் பதில்.”

வெர்டெல் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். குறைபாட்டோடு மனுவை ஏற்றுக்கொள்ள விதி இருக்கிறது, ஏற்றுக்கொண்டாள். முப்பதாம் நாள் செப்டம்பர் ஆறு, மாலை ஐந்து மணி. அதற்குள் ஆணை நகல் வராவிட்டால் கணினி தானாகவே மனுவை மூடிவிடும். மூடினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதையெல்லாம் சொல்லி அனுப்பினாள்.

அவள் போன பிறகுதான் வெர்டெல் அந்தப் பிழையைச் செய்தாள். பிழை என்று அதை வேறு எந்த அலுவலகத்திலும் சொல்ல மாட்டார்கள். படிவத்தில் ‘கடிதம் அனுப்ப வேண்டிய முகவரி’ என்ற கட்டத்தை டானிகா வெறுமையாக விட்டிருந்தாள். மறதியால் அல்ல, வேண்டுமென்றே. அசட்டையான எழுத்தராக இருந்தால் அதைக் கவனித்திருக்கவே மாட்டார், கடிதமும் போயிருக்காது. வெர்டெல் கவனித்தாள். கட்டம் வெறுமையாக இருந்தால் வீட்டு முகவரியை எழுத வேண்டும் என்பது விதி. எழுதினாள். இரண்டு வேலை நாளுக்குள் குறைபாட்டுக் கடிதம் போக வேண்டும் என்பதும் விதி. ஒன்பதாம் தேதி கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். எது குறைகிறது, எதற்காக வேண்டும், மனுதாரர் எந்தக் கடையில் வேலைக்குச் சேரப்போகிறார் எல்லாம் அதில் இருந்தது.

பதினான்காம் தேதி டானிகா மறுபடி வந்தாள். இப்போது கண்ணாடி இல்லை, மறைக்கக்கூடிய நிலையில் முகம் இல்லை. இடது கையில் இரண்டு விரல்களுக்குத் தகடு வைத்துக் கட்டியிருந்தது.

“கடிதம் வந்துச்சு மேடம்” என்றாள். “சனிக்கிழமை. அவர்தான் பிரிச்சார். என்னை நிக்க வெச்சு சத்தமாப் படிக்கச் சொன்னார். ஒரு வரி முடிஞ்சா ஒரு அறை. மொத்தம் பதினோரு வரி. நீங்க ரொம்ப விவரமா எழுதறீங்க.”

வெர்டெல் பேனாவைக் கீழே வைத்தாள்.

“கடைசியில கடைப் பேரு இருந்துச்சுல்ல, லூப்பேயோட பார்லர்னு. அதுக்கு இந்த ரெண்டு விரல். கத்தி கரண்டி வைக்கிற டிராயருக்குள்ள கையை வைக்கச் சொன்னார். நான் வைக்கல. அவரே எடுத்து வெச்சு முழங்காலால டிராயரை மூடினார். திறந்து, மறுபடி மூடினார். ‘இனிமே சீப்பு பிடி பார்க்கலாம்’னார்.”

“அந்தக் கடிதம் நான் அனுப்பினது” என்றாள் வெர்டெல்.

“தெரியும். கீழ உங்க பேரு இருந்துச்சு. கையெழுத்து அழகா இருந்துச்சு.”

அவள் அன்று காலை அவன் ராணுவ முகாமுக்குப் போன பிறகு ஒரு பையோடு வெளியேறி, பெண்கள் காப்பகத்தில் சேர்ந்திருந்தாள். முப்பது நாள் தங்கலாம். செப்டம்பர் பதின்மூன்று கடைசி நாள். வேலை இருக்கிறது என்று காட்டினால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். பார்லர்க்கார லூப்பே நாற்காலியை அதுவரை காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். உரிமம் வந்தால் வேலை, வேலை இருந்தால் தங்க இடம். இல்லையென்றால் அந்தச் சமையலறைதான்.

வெர்டெல் முகவரி மாற்றப் படிவத்தை எடுத்துத் தானே நிரப்பி, அன்றைய தேதி முத்திரையை அழுத்தினாள். பதினைந்தாம் தேதியும் இருபத்தேழாம் தேதியும் முகாமின் பணியாளர் பிரிவுக்கு எழுதினாள்: சார்ஜெண்ட் ப்ரென்ட் ரெய்க்கர்ட் இந்த முகாமில் பணியில் இருக்கிறாரா என்று ஒரே ஒரு வரி போதும். இரண்டு முறையும் ஒரே பதில். சிப்பாய் எழுத்தில் சம்மதித்தால்தான் தருவார்களாம்.

செப்டம்பர் நான்காம் தேதி, நீண்ட வார இறுதிக்குப் பின் முதல் வேலை நாள். காலை பத்து நாற்பதுக்கு ரெய்க்கர்ட் வந்தான். சீருடையில் இருந்தான். ஒழுங்காகச் சீட்டு எடுத்தான், இருபத்து மூன்று. தனக்கு அடுத்த சீட்டு எடுத்த ஏர் கண்டிஷனர் மெக்கானிக் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தான். கூப்பிட்டதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

“குட் மார்னிங் மேடம். என் மனைவி ஒரு மனு கொடுத்திருக்கா. அதை வாபஸ் வாங்கணும்.”

“மனு கொடுத்தவங்கதான் வாங்க முடியும் சார்.”

“நான் அவ புருஷன்.”

“புருஷன்னு ஒரு கட்டம் படிவத்துல இருக்கு. வாபஸ் வாங்கறதுக்குன்னு அதுல எதுவும் இல்ல.”

அவன் சிரித்தான். “சரி. அவ இப்ப கொடுத்திருக்கற அட்ரஸ் மட்டும் சொல்லுங்க. மருந்து கொண்டுபோய்க் கொடுக்கணும். கையில அடிபட்டிருக்கு.”

“எந்தக் கையில?” என்றாள் வெர்டெல்.

அவன் முகத்திலிருந்து சிரிப்பு போனது.

“எந்தக் கைன்னு எனக்கும் தெரியும் சார்ஜெண்ட். எந்த டிராயருன்னும் தெரியும். அட்ரஸ் சொல்ல மாட்டேன்.”

அவன் கவுண்டருக்கு மேலாகக் கையை நீட்டி அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். வெர்டெலின் நெற்றி கவுண்டர் விளிம்பில் மோதியது. ஓரின் டீக் வாசலிலிருந்து ஓடிவந்து, “விடுடா அவங்களை, மகனே, விடு” என்று தோளைப் பிடித்தார். ரெய்க்கர்ட் இன்னொரு கையால் வரிசைக்கு நிறுத்தியிருந்த இரும்புக் கம்பத்தைத் தூக்கி, அதன் கனமான அடிப்பாகம் படும்படி ஓரினின் காதுப்பக்கம் வீசினான். கிழவர் சத்தமே இல்லாமல் விழுந்தார். விழுந்தவர் முகத்தில் பூட்ஸ் காலால் ஒரு மிதி. பிறகு கவுண்டரில் ஏறி அந்தப் பக்கம் குதித்தான்.

உள்ளறையில் ஹோலிஸ் டேம்ரன் எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு அறைக்கதவைப் பூட்டினார்.

ரெய்க்கர்ட் வெர்டெலைக் கீழே தள்ளி விலாவில் உதைத்தான். “அட்ரஸ்” என்றான். உதைத்தான். “அட்ரஸ்.” மூன்றாவது உதையில் உள்ளே ஏதோ விட்டுப்போனது அவளுக்கே கேட்டது. முடியைப் பிடித்துத் தூக்கி மேசைமேல் முகத்தைச் சாய்த்து, “கணினியைத் திற, கிழவி” என்றான். பிடித்த இடத்தில் முட்டையளவுக்கு முடி தோலோடு கையில் வந்துவிட்டது. அதை அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். பார்க்க இடது கையை மேசையில் ஊன்றினான்.

மேசையில் அரசு முத்திரை அழுத்தும் கருவி இருந்தது. நான்கு கிலோவுக்கும் மேல் எடையுள்ள வார்ப்பிரும்பு. முப்பத்தொரு வருடமாக ஒரு நாளைக்கு அறுபது எழுபது முறை வெர்டெல் அதை அழுத்தியிருக்கிறாள். திரும்பாத மணிக்கட்டுக்கு அதுதான் வசமான பிடி. அதைத் தூக்கி அவன் ஊன்றியிருந்த கைமேல் போட்டாள். போட்டது போதவில்லை என்று பட்டதால் மறுபடி தூக்கி மறுபடி போட்டாள். அவன் அலறினான். மூன்றாவதை முழங்காலில் இறக்கினாள். அவன் மடங்கியபோது நான்காவதுக்கும் தூக்கியிருந்தாள்; இலக்கு இந்த முறை தலை.

“போதும்மா, போதும், நான் பிடிச்சிக்கிட்டேன்” என்று அந்த ஏர் கண்டிஷனர் மெக்கானிக் கவுண்டரைத் தாண்டி வந்து அவன் முதுகில் உட்கார்ந்துவிட்டார். “இருபத்து நாலு என் நம்பர். இன்னிக்கும் என் வேலை முடியாது போலிருக்கு” என்றார் மூச்சு வாங்க.

வெர்டெல் கருவியை இறக்கி அதே இடத்தில் வைத்தாள். அதில் ரத்தமும் கொஞ்சம் அவளுடைய முடியும் இருந்தது. போலீஸ் வந்து அதைப் பையில் போட்டு எடுத்துப்போனது.

புருவத்தில் ஏழு தையல், இரண்டு விலா எலும்பில் விரிசல். ஓரினுக்கு மண்டையோட்டில் உடைவு. வலது காது இனிக் கேட்காது. மறுநாள் புதன்கிழமை, வாக்குமூலம் வாங்க ஒரு பெண் அதிகாரி வெர்டெலின் வீட்டுக்கு வந்தாள். தட்டச்சு செய்த அறிக்கையைப் படித்துப் பார்க்கக் கொடுத்தாள். வெர்டெல் மூச்சை அளந்து அளந்து விட்டுக்கொண்டு படித்தாள்.

“பத்து நாற்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு. பத்து நாற்பது.”

“திருத்திடறேன் மேடம்.”

“இருபத்து மூணாம் நம்பர் சீட்டு எடுத்தான். அதையும் போடுங்க.” பிறகு இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் அவள் விரல் நின்றது. கைது செய்யப்பட்டவர்: ப்ரென்ட் ரெய்க்கர்ட், சார்ஜெண்ட், தரைப்படை, நடப்புப் பணியில், இங்குள்ள முகாமில் 2017 மார்ச் முதல், ராணுவ அடையாள அட்டை பார்த்துச் சரிபார்க்கப்பட்டது.

“இதுல எனக்கு ஒரு நகல் வேணும். முத்திரை போட்ட நகல்” என்றாள்.

“எதுக்கு மேடம், இன்ஷூரன்ஸுக்கா?”

“வேலைக்கு.”

செப்டம்பர் ஆறாம் தேதி வியாழக்கிழமை மாலை நான்கு பத்துக்கு வெர்டெல் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். விலாவைச் சுற்றிக் கட்டு, தலையில் ஒரு துணி. பின்னால் டானிகா. அவள் சீட்டு எடுத்து உட்கார்ந்தாள். தரையில் ஓரின் விழுந்த இடத்தைக் கழுவியிருந்தார்கள். ஓடுகளுக்கு நடுவே கோட்டில் மட்டும் பழுப்பு இருந்தது.

ஹோலிஸ் உள்ளறையிலிருந்து வந்தார். “வெர்டெல், நீங்க இங்க இருக்கக்கூடாது. நோய் விடுப்புல இருக்கீங்க.”

“எழுந்திட்டேன்.”

“விடுப்புல இருக்கற ஊழியர் கையெழுத்துப் போட்டா செல்லாது. உங்களுக்கே தெரியும். டாக்டர் சர்டிபிகேட் இல்லாம திரும்பி வரவும் முடியாது.”

“மூணு வேலை நாளுக்கு மேல போனாத்தான் சர்டிபிகேட், ஹோலிஸ். செவ்வாய், புதன், இன்னிக்கு வியாழன். மூணாவது நாள்தான் நடக்குது. போறதுக்கு சர்டிபிகேட் கேட்கலைன்னா வர்றதுக்கும் கேட்கறதில்ல. பக்கம் சொல்லட்டுமா?”

“தெரியும். ஆனா அரை நாள் வேலைன்னா…”

“அரை நாள் யார் கேட்டா? விடுப்பு கால் மணி கணக்குலதான் எழுதறோம். நான் கால் மணி நேரம் வேலைக்கு வர்றேன். மிச்சம் ஏழே முக்கால் மணி நேரம் விடுப்புன்னு எழுதிக்கோங்க.”

அவள் நாற்காலியில் மெல்ல இறங்கினாள். இறங்கும்போது வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, டானிகா எழுந்துவிட்டாள். வெர்டெல் உட்காரும்படி கை காட்டினாள். சுவர்க் கடிகாரம் நான்கு பதினைந்தைத் தொட்டதும் கணினியில் தன் பெயரைப் போட்டு உள்ளே போனாள்.

“போஸ்டிங் ஆர்டர் எங்க?” என்றார் ஹோலிஸ்.

அவள் போலீஸ் அறிக்கையை எடுத்து வைத்தாள். “‘பணி ஆணை, அல்லது பரிசீலகர் ஏற்கத்தக்க, பணியிடம் காட்டும் வேறு அரசு ஆவணம்.’ முப்பத்தொரு வருஷத்துல அந்த ‘அல்லது’வை நான் தொட்டதில்ல. இந்த ஆவணம் எனக்கு ஏற்கத்தக்கது. அவனே சீருடையில வந்து கொடுத்துட்டுப் போயிருக்கான்.”

ஹோலிஸ் அறிக்கையை வாங்கிப் படித்தார். “இது சரிவராது. இந்த ரிப்போர்ட்ல அடிபட்டது நீங்க. மேலிடத்துல கேட்டா, பழி வாங்கினீங்கம்பாங்க. வேற யாராவது பார்க்கட்டும்.”

“வேற யாரு? அந்தப் பொண்ணு பிரசவ லீவுல. அஞ்சு மணிக்கு கணினி மூடிடும். பரிசீலகருக்கு அடிபட்டிருந்தா கையெழுத்துப் போடக்கூடாதுன்னு விதி இருந்தா காட்டுங்க. எழுந்து போயிடறேன்.”

அவர் கையேட்டைத் திறந்தார். உண்மையாகவே தேடினார். நான்கு இருபத்து மூன்றாயிற்று. கண் புத்தகத்தில் இருக்க அவர் தாழ்ந்த குரலில், “பயிற்சியில அப்படித்தான் சொன்னாங்க வெர்டெல். ஆபத்துன்னா கதவைப் பூட்டிக்கன்னு” என்றார்.

“பூட்டினீங்க. விதிப்படிதான் செஞ்சீங்க.” அவள் திரையிலிருந்து கண் எடுக்கவில்லை. “நானும் விதிப்படிதான் அந்தக் கடிதத்தை அனுப்பினேன்.”

ஹோலிஸ் புத்தகத்தை மூடினார்.

நான்கு இருபத்தாறுக்கு உரிமம் அச்சாகி வந்தது. வெர்டெல் கையெழுத்திட்டாள். பழக்கத்தில் கை மேசையின் வலது மூலைக்குப் போனது. அங்கே தூசியில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. முத்திரைக் கருவி போலீஸில், சாட்சிப் பொருள் அறையில் இருந்தது. முத்திரை அழுத்தாத உரிமத்தை எந்தக் கடையும் சுவரில் மாட்ட முடியாது.

நான்கு இருபத்தேழு. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், விலா விடவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹோலிஸ் உள்ளறைக்குப் போனார். அந்தக் கதவு சாத்தப்படும் சத்தத்தை அவள் எதிர்பார்த்தாள். சாத்தப்படவில்லை. அவர் தன் மேசை இழுப்பறையின் அடியிலிருந்து, கிளை தொடங்கிய காலத்துப் பழைய முத்திரைக் கருவி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். துருவும் தூசியுமாக இருந்தது. பொறுப்புக்கு வந்ததிலிருந்து அவர் அதைத் தொட்டதே இல்லை.

“இது மேலாளர் பேர்ல இருக்கறது” என்றார். “நானே அழுத்தறேன். உங்களுக்கு விலா வலிக்கும்.”

பலம் போதாமல் இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. நான்கு இருபத்தொன்பதுக்கு வெர்டெல் “இருபத்தொன்பது” என்று எண்ணைக் கூப்பிட்டாள். டானிகா சீட்டைப் பார்த்தாள். முப்பத்தொன்று என்று இருந்தது. கூப்பிட்டவள் எண்ணைச் சொல்லவில்லை, நேரத்தைச் சொல்லியிருந்தாள்.

“தபால்ல அனுப்பல” என்றாள் வெர்டெல். “கையில வாங்கிக்குங்க. இங்க ஒரு கையெழுத்து.”

டானிகா கட்டுப்போட்ட கையால் காகிதத்தை அமுக்கிப் பிடித்து, நல்ல கையால் எழுதினாள். வெர்டெல் நான்கு முப்பதுக்குக் கணினியிலிருந்து வெளியே வந்தாள்.

மறுநாள் நான்காவது நாள். மருத்துவர் சான்று கொடுத்தார். வெர்டெல் ஐந்து வாரம் நோய் விடுப்பு எடுத்தாள். கையிருப்பில் அது குறைந்தது தெரியவே இல்லை. ஓரினுக்கு அதில் எட்டு மணி நேரம் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டாள். அவர் ஒப்பந்த ஆள், மாநில ஊழியர் அல்ல. கொடுக்க வழியில்லை என்று பதில் வந்தது. அவருடைய நிறுவனம் இரண்டாம் வாரமே வாசலில் வேறு ஆளை நிறுத்தியது. அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் நாள்களில் வெர்டெல் நோய் விடுப்பை எடுக்கவில்லை. உறவினர் அல்லாதவருக்காக அதை எடுக்கக்கூடாது. ஆண்டு விடுப்பை எடுத்தாள். பத்தொன்பது நாள்.

“எந்தப் பக்கம் உட்காரட்டும் மிஸ் வெர்டெல்?” என்று காரில் ஏறும்போதெல்லாம் அவர் கேட்பார்.

“கேக்கற காது என் பக்கம் இருக்கட்டும். இல்லாட்டி வழியெல்லாம் கத்திக்கிட்டு வரணும்.”

ரெய்க்கர்ட்டுக்கு மறு ஆண்டு மே மாதம் ஒன்பது வருடச் சிறை தீர்ப்பானது. அவனுடைய இடது கையில் மூன்று விரல் மடங்காது என்று அவன் வக்கீல் நீதிமன்றத்தில் சொன்னார். அங்கே பேசுவதையெல்லாம் பதிவெழுதிக்கொண்டிருந்த பெண்மணி எந்த விரல்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

அந்தத் தீர்ப்புக்கெல்லாம் முன்பு, 2018 அக்டோபர் இரண்டாம் தேதி, வெர்டெல் லூப்பேயின் பார்லருக்குப் போனாள். தலையில் முட்டையளவு வழுக்கை. சுற்றிலும் இருக்கும் முடியை வெட்டிச் சரிசெய்தால்தான் மறையும். டானிகா துணியைப் போர்த்தி, சீப்பை இடது கையின் மூன்று விரலில் பிடித்துக்கொண்டாள். காயத்தின் விளிம்பில் சீப்பு பட்டபோது டானிகா கையை நிறுத்தினாள்.

“வலிக்குதா மேடம்?”

“வெட்டுங்க.”

கண்ணாடிக்குப் பக்கத்தில் உரிமம் மாட்டியிருந்தது. மங்கலாக ஒன்றும் அழுத்தமாக ஒன்றும், இரண்டு முத்திரைத் தடம். வெர்டெல் கழுத்தை அசைக்காமல் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“அந்த டிரையர் கம்பி எண்ணை மறைக்குது. வர்றவங்க கண்ணுக்கு முழுசாத் தெரியணும்னு விதி. ரெண்டு அங்குலம் இடது பக்கம் நகர்த்துங்க.”

டானிகா கத்திரியை வைத்துவிட்டு, ஆணியைப் பிடுங்கி நகர்த்தி அடித்தாள்.